வகுப்பும் போட்டியும்: சமையல் குறிப்பைப் படமாக வரைபவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியில் வாரம் மூன்று நாள் ஓவிய ஆசிரியை. சனி, ஞாயிறு காலையில் வீட்டு மாடியில் பிள்ளைகளுக்கு வகுப்பு. மிச்ச நேரத்தில் சமையல் குறிப்புகளைப் படமாக வரைந்து போட்டிகளுக்கு அனுப்புகிறேன். இந்த மூன்றையும் எப்படிச் சேர்த்து ஓட்டுகிறீர்கள் என்று பழைய மாணவிகளும், மற்ற பள்ளி ஓவிய ஆசிரியர்களும், பிள்ளைகளைக் கூட்டிவரும் அம்மாக்களும் கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் துண்டு துண்டாகச் சொல்லிவந்ததை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட வாக்கிலேயே வைத்திருக்கிறேன்.

"ஓவியச் சமையல் குறிப்புன்னா என்ன டீச்சர்? தட்டுல இருக்கிற சாப்பாட்டை அழகா வரையறதா?"

இல்லை. தட்டை மட்டும் வரைந்தால் அது உணவு ஓவியம். சமையல் குறிப்பு ஓவியம் என்றால், அந்த ஒரு தாளைப் பார்த்தே ஒருவர் அடுப்பைப் பற்றவைத்து, சமைத்து, இறக்கிவிட முடிய வேண்டும். என்னென்ன பொருள், எவ்வளவு, எது முதலில், எது பிறகு, எப்போது இறக்குவது என்பதெல்லாம் படத்திலேயே வந்துவிட வேண்டும். எழுத்து துணைக்கு இருக்கலாம்.

அமெரிக்காவில் சால்லி ஸ்விண்டெல், நேட் பாடவிக் என்ற உடன்பிறந்த இருவர் 2010-இல் 'தே டிரா அண்ட் குக்' என்ற தளத்தைத் தொடங்கினார்கள். பல நாட்டு ஓவியர்கள் தங்கள் வீட்டுச் சமையலை ஒற்றைப் பக்கத்தில் வரைந்து அங்கே சேர்த்தார்கள். இப்போது பலரும் இந்த வடிவத்தில் வரைவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆனால் நம் வாரப் பத்திரிகைகளில் சமையல் பக்கத்தின் ஓரத்தில் கோட்டோவியம் போட்ட ஓவியர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது அவ்வளவு அந்நியமான வேலை இல்லை.

"எனக்குச் சமைக்கவே தெரியாது. நான் கலந்துக்கலாமா?"

கலந்துகொள்ளலாம். ஆனால் சமைக்காத குறிப்பை வரையக் கூடாது. ஒருமுறை, தெரிந்தவர் சமைப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். அடுத்த முறை நீங்களே செய்யுங்கள். மூன்றாவது முறை, அந்தப் பக்குவம் தெரியாத ஒருவரிடம் உங்கள் பென்சில் வரைவைக் கொடுத்துச் சமைக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது.

இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் எங்கள் ஊர்க் குழம்பான கடப்பாவை முதன்முதலில் வரைந்தபோது நடந்தது இது. பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு, கசகசா என்று எல்லாம் தாளில் இருந்தன. விழுப்புரத்திலிருந்து எங்கள் தெருவுக்குக் குடிவந்திருந்த அக்கா அதை அடுப்படிச் சுவரில் ஒட்டிவைத்துச் சமைத்தார். நடுவில் கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். "பருப்பு இந்த மூலையில வெந்துக்கிட்டே இருக்கு. இதை எப்பம்மா எடுத்து அதுல சேக்குறது?" வெந்த பருப்பைக் கிழங்கோடு சேர்க்கும் அம்புக்குறியை நான் போடவே இல்லை. எனக்கு அந்தச் சமையல் கைப்பழக்கம் என்பதால், தாளில் இல்லாததையும் என் கண் இருப்பதாகப் பார்த்திருக்கிறது. அன்றிலிருந்து இந்த மூன்றாவது சோதனையைச் செய்யாமல் நான் மையைத் தொட்டதில்லை.

"என்ன பேப்பர், என்ன கலர் வாங்கணும்?"

போட்டிக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) நீர்வண்ணத் தாள். அதைவிட மெல்லியதில் ஈரம் பட்டால் தாள் அலை அலையாகத் தூக்கிக்கொள்ளும். கோட்டுக்கு நீரில் கரையாத மைப் பேனா 0.3, 0.5 இரண்டும் போதும். வண்ணத்துக்கு நீர்வண்ணமோ, அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டியான நீர்வண்ணமான கோவாஷோ, உங்கள் கைக்கு எது பழக்கமோ அது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு பூச்சு காய்வதற்கு வெயில்காலத்தைவிட வெகுநேரம் ஆகும். கடைசித் தேதி மழைக்காலத்தில் வந்தால் அதையும் கணக்கில் வையுங்கள்.

பெரும்பாலான போட்டிகள் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) தெளிவில் கோப்பு கேட்கும். ஏ4 என்றால் 2480 × 3508 பிக்சல், ஏ3 என்றால் 3508 × 4961. அச்சுக்குப் போகும் என்றால் நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வண்ணம் ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியும். ஸ்கேனரில் வெளிர் மஞ்சளும் வெளிர் பச்சையும் முதலில் காணாமல் போகும் என்பதால் அவற்றை ஒரு பிடி அழுத்தமாகவே பூசுங்கள்.

"ஸ்கூல் வேலை, வீட்டு கிளாஸ், நடுவுல வரைய நேரம் எங்கேருந்து வருது?"

முதலில் ஒரு தாள் வரைய உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். என் கணக்கு இது: சமைத்துப் பார்க்க 3 மணி, பென்சில் வரைவு 4, மை 3, வண்ணம் 6, எழுத்து 3, ஸ்கேன் செய்து சரிபார்க்க 2. மொத்தம் 21 மணி நேரம். எனக்கு வாரத்தில் கிடைப்பது செவ்வாய், வியாழன் மாலை ஒன்றரை ஒன்றரை மணி, ஞாயிறு மதியம் 3 மணி, ஆக 6 மணி. அப்படியானால் ஒரு தாளுக்கு மூன்றரை வாரம். இந்த எண் தெரிந்த பிறகு என் வாழ்க்கை நிம்மதியாகிவிட்டது. கடைசித் தேதிக்கு மூன்று வாரமே இருக்கும் போட்டி எவ்வளவு ஆசை காட்டினாலும் அது எனக்கானது இல்லை என்று உடனே தெரிந்துவிடுகிறது.

அடுத்தது பள்ளி நாட்காட்டி. ஜூனில் பள்ளி திறப்பு, செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, மார்ச், ஏப்ரலில் முழு ஆண்டுத் தேர்வு, பிறகு கோடைப் பயிற்சி வகுப்பு. தேர்வு நெருங்கினால் ஓவியப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் வாங்கிக்கொள்வார்கள். ஓவியத்துக்கு அது அநியாயம்தான், அதற்காக நான் தலைமையாசிரியரிடம் ஒவ்வோர் ஆண்டும் பேசுகிறேன். கிடைக்காதபோது அந்த ஓய்வு வேளையில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பென்சில் வரைவு போடுகிறேன். மையும் வண்ணமும் பள்ளிக்கு எடுத்துப்போவதில்லை. ஏப்ரல், மே இரண்டு மாதமும் போட்டிக்கு அனுப்புவதே இல்லை. கோடை வகுப்புக் கட்டணம்தான் எனக்கு ஆண்டு முழுவதுக்குமான தாளும் வண்ணமும்.

நாட்காட்டியில் முதலில் வகுப்பு நாட்களைக் குறிப்பேன். அதன் பிறகுதான் போட்டித் தேதி. இந்த வரிசையை மாற்றிப் பார்த்த ஆண்டில் இரண்டு சனிக்கிழமை வகுப்பை ரத்து செய்தேன். ரத்து என்று தெரியாமல் ஒரு பையன் வண்ணப் பெட்டியோடு மாடிப்படியில் வந்து நின்றான். அதை இன்னொரு முறை பார்க்க எனக்கு மனமில்லை.

"பாடத் திட்டம்னு எழுதியே வைக்கணுமா? எனக்கு எல்லாம் மண்டையிலயே இருக்கே"

எழுதுங்கள். அரைப் பக்கம் போதும். இன்று பிள்ளை எதைக் கற்றுக்கொண்டு போக வேண்டும், என்ன பொருள் வேண்டும், எந்த வரிசையில் செய்வது, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம். என் வகுப்பு 90 நிமிடம். பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க 10, நான் செய்துகாட்ட 15, பிள்ளைகள் செய்ய 45, கழுவி எடுத்துவைக்க 10, கொடியில் மாட்டிப் பேச 10. கீழே நாலு வரி காலியாக விடுவேன். வகுப்பு முடிந்ததும் எது ஓடவில்லை என்று அதில் எழுதுவதற்கு. அடுத்த ஆண்டு அந்த நாலு வரிதான் உதவும்.

காய்ச்சலில் படுத்துவிட்ட ஒரு சனிக்கிழமை, பழைய மாணவி ஒருத்தி என் தாளை வைத்து வகுப்பை நடத்தினாள். வெண்டைக்காய் அச்சு. குறுக்கே வெட்டி வண்ணத்தில் தோய்த்து வைத்தால் ஐந்து இதழ்ப் பூ வரும். நான் 'வெட்டவும்' என்று மட்டும் எழுதியிருந்தேன். அவள் நெடுக்கே வெட்டிக் கொடுத்திருக்கிறாள். தாள் முழுக்கப் பட்டை பட்டையாகக் கோடு. கடப்பாவில் அம்புக்குறியை விட்ட அதே தவறு. பாடத் திட்டம் எழுதுவதும் சமையல் குறிப்பு வரைவதும் ஒரே வேலை என்று எனக்கு உறைத்தது அன்றுதான். இரண்டிலும், நாம் பக்கத்தில் இல்லாதபோது இன்னொருவர் கை அதைச் செய்ய வேண்டும். அதனால் இரண்டுக்கும் ஒரே நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். இடப் பக்கம் வகுப்பு, வலப் பக்கம் அடுப்படி.

அரசுத் தொழில்நுட்பத் தேர்வுக்கு ஃப்ரீஹேண்ட் (கைவரைவு) லோயர், ஹையர் நிலைகளை எழுதும் பிள்ளைகளுக்கு மட்டும் அந்தப் பாடத்திட்டப்படி தனி வகுப்பு. அதில் என் சோதனைகளைக் கலப்பதில்லை.

"கிளாஸ்லயே பிள்ளைங்களைச் சமையல் குறிப்பு வரைய வைக்கலாமா?"

தாராளமாக. அடுப்பும் கத்தியும் இல்லாத பக்குவமாக எடுங்கள். பானகம், அவல் ஊறவைத்தது, நீர்மோர். நான் கோடை வகுப்பில் நீர்மோர் வைப்பேன். இஞ்சி, பச்சைமிளகாய், மல்லித்தழையை நானே முன்கூட்டி நறுக்கி வைத்துவிடுவேன். பால், தயிர் ஒத்துக்கொள்ளாத பிள்ளை உண்டா என்று பெற்றோரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும். முதலில் எல்லோரும் சேர்ந்து மோர் கடைந்து குடிக்கிறோம். அதன் பிறகு ஆளுக்கு ஒரு கட்டம் வரைகிறார்கள். பன்னிரண்டு பிள்ளை, பன்னிரண்டு கட்டம், ஒட்டினால் ஒரு முழுக் குறிப்பு.

இதில் பெரியவர்களுக்குத் தோன்றாதது பிள்ளைகளுக்குத் தோன்றும். எட்டு வயதுப் பெண் ஒருத்தி மத்தைச் சுற்றி 'சளக் சளக்' என்று வட்டமாக எழுதி, அந்த எழுத்தையே மோர் தெறிப்பது போல ஆக்கிவிட்டாள். பெருங்காயம் ஒரு சிட்டிகை என்ற கட்டம் கிடைத்த பையன் டப்பாவை வரையவில்லை. கட்டம் முழுக்க இரண்டு விரல் நுனி, நடுவில் ஒரு பொட்டுத் தூள். ரேகைகூடப் போட்டிருந்தான். சிட்டிகையை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் பார்த்ததில்லை. பிறகு என் தாள் ஒன்றில் அதே மாதிரி வரைய ஆசைப்பட்டு, அவனிடமும் அவன் அப்பாவிடமும் கேட்டு, தாளின் கீழே அவன் பெயரைப் போட்டுத்தான் வரைந்தேன். மாணவர்களிடமிருந்து எடுப்பதும் எடுப்பதுதான்.

"நம்ம சாப்பாடு எல்லாம் ஒரே பிரவுன் கலர். வத்தக்குழம்பை எப்படி அழகா காட்டறது?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. வத்தக்குழம்பைக் கட்டம் கட்டமாக வரைந்தால் ஐந்து பழுப்பு வட்டம்தான் வரும். அதனால் குழம்பை ஒரே ஒரு இடத்தில், கடைசியில், சிறிதாகக் காட்டுங்கள். மீதிப் பக்கம் முழுக்க, குழம்பாவதற்கு முன் இருந்த நிறங்கள் வரட்டும்: காய்ந்த மிளகாயின் கருஞ்சிவப்பு, மஞ்சள்தூள், கறிவேப்பிலையின் பச்சை, சின்ன வெங்காயத்தின் ஊதாத் தோல், சுண்டைக்காய் வற்றலின் சுருக்கம். சுண்டைக்காய் வற்றலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒன்றைப் போல் இன்னொன்று சுருங்கியிருக்காது. பத்து வற்றலைப் பத்து விதமாக வரைந்தாலே பக்கம் உயிரோடு இருக்கும்.

பழுப்பை வண்ணக் குழாயிலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். சிவப்பில் கொஞ்சம் பச்சை சேர்த்துக் கலந்தால் கிடைக்கும் பழுப்பில் புளியின் செம்மை இருக்கும். ஓரத்தில் மஞ்சள் கூடுதலாக. நல்லெண்ணெய் பிரிந்து மிதக்கும் இடத்தில் தாளின் வெள்ளையைச் சின்னப் புள்ளிகளாக விட்டுவிடுங்கள். அந்த மினுக்கு அழகுக்கு மட்டும் இல்லை. எண்ணெய் பிரிந்தால் இறக்கலாம் என்ற செய்முறையையும் அதுதான் சொல்கிறது.

கடப்பாவில் சிக்கல் தலைகீழ். வெளிர்நிறக் குழம்பு, வெள்ளை இட்லி, வெள்ளைத் தாள். நான் முழுப் பக்கத்தையும் வாழையிலையாக்கிவிட்டேன். நடுநரம்பு பக்கத்தை இரண்டாகப் பிரித்தது: மேலே பொருட்கள், கீழே செய்முறை. கிளை நரம்புகளே எழுத்துக்கு வரிக்கோடு ஆயின.

"நெல்லிக்காய் அளவு புளின்னு போட்டா வெளிநாட்டு நடுவருக்குப் புரியுமா?"

படமாகப் போட்டால் புரியும். புளி உருண்டைக்குப் பக்கத்தில் அதே பருமனில் ஒரு நெல்லிக்காய். நம் அளவுகள் பெரும்பாலும் படங்களாகவே பிறந்தவை. நெல்லிக்காய் அளவு, எலுமிச்சை அளவு, கொட்டைப்பாக்கு அளவு, ஒரு கைப்பிடி, ஒரு சிட்டிகை. பக்கத்திலேயே 5 மில்லி தேக்கரண்டி, 15 மில்லி மேசைக்கரண்டிக் கணக்கிலும் சின்னதாக எழுதிவிடுங்கள். பழைய முகத்தல் அளவுகளும் வரையச் சுவையானவை. 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி. இந்த நாலு பாத்திரத்தையும் வரிசையாக வைத்து வரையச் சொன்னால், இரட்டிப்பு விகிதம் என்ன என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கண்ணிலேயே பதிந்துவிடும். என் பாடத் திட்டத்தில் அது ஒரு முழு வகுப்பு.

"தமிழ்ல எழுதினா இடமே பத்த மாட்டேங்குது"

எழுத்துக்கான இடத்தை முதலிலேயே ஒதுக்காததால் வரும் சிரமம் அது. 'கொத்தமல்லித்தழை' என்று ஒருமுறை கையால் எழுதி அளந்து பாருங்கள், பிறகு படத்தைத் தொடங்குங்கள். கீ, கூ போன்ற எழுத்துகள் மேலும் கீழும் நீளும் என்பதால் வரிக்கு வரி இடைவெளி தாராளமாக வேண்டும். ஏ3-இல் வரைந்து ஏ4-ஆகச் சுருக்கினால் எல்லாம் ஏறக்குறைய 70 சதவீதம் ஆகிவிடும். 4 மில்லிமீட்டர் உயர எழுத்து 3 மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும். வீட்டுப் பெரியவர்களால் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க முடிகிறதா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

"வருஷத்துக்கு எத்தனை போட்டிக்கு அனுப்பலாம்?"

எனக்கு நான்கு. மேலே சொன்ன மணிக்கணக்கில் இதைவிட அதிகம் வரைய முடியும். ஆனால் எல்லாவற்றையும் போட்டிக்கென்றே வரைந்தால், தலைப்புக்குத் தக்கபடி மட்டும் கை நகர ஆரம்பிக்கிறது. பாதித் தாள்களை எனக்காக வரைகிறேன்.

அதிக விருப்பக்குறி (லைக்) வாங்கியவருக்குப் பரிசு என்ற போட்டிகளுக்கு நான் போவதில்லை. உறவினர் எண்ணிக்கையில் போட்டி போட எனக்கு நேரமில்லை. நுழைவுக் கட்டணம் இருந்தால், நடுவர் யார், முந்தைய ஆண்டு வென்ற படங்களை எங்கே பார்க்கலாம் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

"விதியில 'வரும் படைப்புகள் அனைத்தும் நடத்துபவருக்கே சொந்தம்'னு இருக்கு. பரவாயில்லையா?"

வென்ற படத்தை அச்சிடவும் கண்காட்சியில் வைக்கவும் அனுமதி கேட்பது நியாயம். தோற்ற படம் உட்பட எல்லாம் எங்களுக்கே என்பது நியாயம் இல்லை. பரிசு பெறாத நூறு பேரின் உழைப்பை இலவசமாகச் சேர்த்துக்கொள்ளும் வழி அது. இப்படி ஒரு வரி இருந்தால் நான் அனுப்புவதில்லை. தொடக்கக் காலத்தில் விதியைப் படிக்காமல் அனுப்பி, என் படம் என் பெயர் இல்லாமல் ஒரு நாட்காட்டியில் வந்ததை மளிகைக்கடைச் சுவரில் பார்த்திருக்கிறேன்.

நம் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டினது. அதன்படி ஓவியம் வரைந்தவரின் ஆயுள்காலமும் அதற்குப் பிறகு 60 ஆண்டும் உரிமை இருக்கிறது. உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 19. எவ்வளவு காலம் என்று அதில் எழுதவில்லை என்றால் 5 ஆண்டு என்றும், எந்த இடம் என்று எழுதவில்லை என்றால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். உரிமையைக் கொடுத்த பிறகும், இதை வரைந்தது நான் என்று சொல்லும் உரிமை பிரிவு 57-இன்படி உங்களிடமே இருக்கிறது. பெயரைத் தாளுக்குள்ளேயே, வெட்ட முடியாத இடத்தில் எழுதுங்கள். நான் இப்போதெல்லாம் பாத்திரத்தின் அடியில் எழுதுகிறேன்.

"வீடியோவுல பார்த்த குறிப்பை வரைஞ்சு அனுப்பலாமா? போட்டோ பார்த்து வரையலாமா?"

பொருட்களின் பட்டியலுக்கும் அளவுக்கும் யாரும் பதிப்புரிமை கொண்டாட முடியாது. அதை ஒருவர் சொன்ன விதத்துக்கு, எழுதிய நடைக்கு உரிமை உண்டு. அதனால் அவர் சொற்களை அப்படியே எழுதாமல், நீங்கள் சமைத்துப் பார்த்து உங்கள் சொல்லில் எழுதுங்கள். யாரிடம் கற்றீர்கள் என்று ஒரு வரி போடுவது சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் மரியாதைக்காக.

புகைப்படம் அப்படி இல்லை. இன்னொருவர் எடுத்த படத்தின் மேல் தாளை வைத்து வரைந்தால் அது அவர் படைப்பின் நகல். உங்கள் அடுப்பை நீங்களே படம் எடுங்கள். அதற்கும் மேலே, அடுப்படியிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து வரையுங்கள். ஆவியில் கண்ணாடி மங்கும், ஆனால் கடுகு எந்த உயரத்துக்குத் தெறிக்கிறது என்று புகைப்படத்தில் தெரியாது.

"ஸ்கூலுக்காக எழுதின பாடத் திட்டத்தை வீட்டு கிளாஸ்ல நடத்தலாமா?"

இது பலருக்கும் தெரியாத இடம். வேலை ஒப்பந்தத்தில் இருந்துகொண்டு அந்த வேலையின் பகுதியாக உருவாக்கியது, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்கே முதலில் சொந்தம் என்பது அதே சட்டத்தின் பிரிவு 17. அதனால் பள்ளித் திட்டமும் வீட்டுத் திட்டமும் தனித்தனித் தாளாக இருக்கட்டும். வெண்டைக்காய் அச்சு வைப்பது என்ற எண்ணம் யாருக்கும் சொந்தமில்லை. அதை விளக்கி நீங்கள் எழுதிய அந்தத் தாளைப் பற்றித்தான் இந்தப் பேச்சு. பள்ளியிடம் எழுத்தில் கேட்டுவிட்டால் சந்தேகமே இல்லை. நான் கேட்டேன், ஒரே கடிதத்தில் சரி என்றார்கள்.

போட்டியில் வென்ற பிறகு, இதேபோல் பத்து வரைந்து தாருங்கள் என்று யாராவது பணம் கொடுத்துக் கேட்டாலும் கவனம் வேண்டும். கேட்பவருக்காகக் காசு வாங்கிக்கொண்டு வரையும் ஓவியத்துக்கு, வேறு உடன்பாடு இல்லையென்றால், அவரே முதல் உரிமையாளர் ஆகிவிடலாம். தூரிகையை எடுக்கும் முன் உடன்பாட்டை எழுதிக்கொள்ளுங்கள். தொகை பெரியதாக இருந்தால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

"பாப்பா படத்தை லேசா டச்-அப் பண்ணிக் கொடுங்க மேடம், பிரைஸ் வந்துடும்"

மாட்டேன். பிள்ளையின் தாளில் என் தூரிகை படாது. செய்துகாட்ட வேண்டும் என்றால் பக்கத்தில் வேறு தாள் வைத்துத்தான் காட்டுவேன். நான் ஒரு கோடு போட்டுக் கொடுத்தால், தன் கோடு போதாது என்று அந்தப் பிள்ளை புரிந்துகொள்ளும். பரிசு வாங்கி வந்த பிறகு தன் படத்தைப் பார்க்கவே மறுத்த பிள்ளையை எனக்குத் தெரியும். அதை வேறொரு பெரியவர் திருத்தியிருந்தார்.

"நீங்களே நடுவரா போறீங்க, உங்க ஸ்டூடண்டும் கலந்துக்குறாங்க. சரியா?"

சரியில்லை. அழைப்பு வந்ததும் என் மாணவர்கள் யாராவது சேருகிறார்களா என்று கேட்பேன். சேர்ந்தால் நடுவர் இடத்தை விட்டுவிடுவேன். பிள்ளையை நிறுத்த மாட்டேன்.

"சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சா ஆர்ட்டிஸ்ட் கை கெட்டுப்போயிடும்னு எங்க காலேஜ்ல சொல்வாங்க. உண்மையா?"

சென்னைக்கு அருகே ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் சோழமண்டல ஓவியர் கிராமம் உருவானது. அதைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கர் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அவரும் அவரிடம் படித்தவர்களும் பாத்திக் (மெழுகு பூசிச் சாயமேற்றும்) துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கி, ஓவியம் வரைந்தார்கள். கைவேலையும் கலையுமாக இருந்த அவர்கள் யாருக்கும் கை கெட்டுப்போகவில்லை. வாடகைக் கவலை இல்லாத கைதான் துணிந்து வரைகிறது.

என் அளவில் சொன்னால், கற்பித்தல் என் கோடுகளைச் சுருக்கியது. பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகத் தேவையற்றதை விட்டுவிட்டுக் காட்டிப் பழகியதில், என் தாள்களிலும் அலங்காரம் குறைந்தது. களைப்பு உண்மைதான். சனிக்கிழமை வகுப்பு முடிந்த மாலையில் என்னால் ஒரு கோடுகூடப் போட முடியாது. அதனால்தான் என் வாரக் கணக்கில் சனிக்கிழமை மாலை இல்லை.

"கடைசித் தேதியும் கிளாஸ் கண்காட்சியும் ஒரே வாரத்துல வந்துட்டா? வரைஞ்சது வீணாப் போயிடுமே"

போன ஆண்டு அப்படித்தான் வந்தது. அடை சுடும் குறிப்பை வரைந்த தாளில் மை வேலை முடிந்து, வண்ணம் பாதியில் இருந்தது. மாடியில் பிள்ளைகளின் கண்காட்சிக்கு நாற்பது படங்களுக்கு அட்டை வெட்ட வேண்டும். போட்டியை விட்டுவிட்டேன். இரண்டு நாள் வருத்தமாகத்தான் இருந்தது.

தாள் வீணாகவில்லை. நாலு பருப்பும் அரிசியும் ஊறும் கட்டம் வண்ணம் பூசப்படாமலேயே இருக்கிறது. கோடை வகுப்பில் அதை நகல் எடுத்துக் கொடுத்து, கடலைப்பருப்பு எது, துவரம்பருப்பு எது, உளுந்து எது, பாசிப்பருப்பு எது என்று உண்மைப் பருப்பைப் பக்கத்தில் வைத்து வண்ணம் பூசச் சொன்னேன். கடலைப்பருப்புக்கும் துவரம்பருப்புக்கும் மஞ்சளில் உள்ள வித்தியாசத்துக்கு ஒரு பையன் அரைமணி நேரம் எடுத்துக்கொண்டான். அடுத்த ஞாயிறு அவன் அம்மா ஒரு தூக்குவாளியில் அடை கொண்டுவந்தார். என் தாளைப் பார்த்துச் செய்தது. தீயைக் குறைத்து, நடுவில் குழி போட்டு எண்ணெய் விடும் கட்டத்தில் நேரம் எழுதவில்லையே என்று கேட்டார். எழுதவில்லைதான். இப்போது சேர்த்துவிட்டேன்.